போர்டில் எழுதுவதை வாயாலும் சொல்லுங்கள், டீச்சர்!

"இதை அந்தப் பக்கம் கொண்டுபோய், இதோட கூட்டுனா, இது வருது. புரிஞ்சுதா?"

கணக்கு வகுப்பில் இந்த வாக்கியம் விழாத நாள் கிடையாது. பார்வையுள்ள பிள்ளைகளுக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. சாக்பீஸ் போகிற இடமெல்லாம் கண்ணும் கூடவே போய்விடும். பார்வையில்லாத பிள்ளைக்கு இதில் ஒரு தகவலும் இல்லை. எதை? எந்தப் பக்கம்? எதோடு? "மைனஸ் ஏழை வலப்பக்கம் கொண்டுபோனா பிளஸ் ஏழு. பன்னிரண்டும் ஏழும் பத்தொன்பது" என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை மற்றவர்களுக்கு முன்பாகவே விடையைச் சொல்லியிருக்கும். இதற்கு அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம், கருவி வேண்டாம். கை செய்வதை வாயும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளின் படிப்பு என்றதும் நம் பேச்சு உடனே சாதனையாளர்கள் பக்கம் போய்விடுகிறது. பினோ செஃபைன் சென்னைப் பெண். 2013-ம் ஆண்டு குடிமைப் பணித் தேர்வில் 343-வது இடம் பெற்று, 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த, முழுமையாகப் பார்வையற்ற முதல் அதிகாரி ஆனார். மதுரையின் பூரண சுந்தரி 2019-ம் ஆண்டுத் தேர்வில் 286-வது இடம். பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் ஐ.எஃப்.எஸ். கனவில்லாத, கணக்கில் சுமாரான, பின் பெஞ்சில் உட்கார்ந்து கதை பேச ஆசைப்படும் சாதாரணப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் தேவை. இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைக்காக.

வண்ணாரப்பேட்டையில் அப்படி ஒரு பிள்ளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அப்பாவுக்கு ஹார்பரில் சுமை வேலை, அம்மாவுக்கு வீட்டிலேயே தையல். பிள்ளைக்கு ஆறு வயது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். 1819-ல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரி ஆசியாவிலேயே பழைமையானது. அங்கேயே "இதுக்கு மேல பார்வை வராதும்மா, ஸ்கூல்ல சேர்த்துடுங்க" என்று சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி எந்த ஸ்கூலில் என்பது.

பேர் சொன்னதும் எல்லோருக்கும் தெரிகிற பள்ளிகள் மூன்று. பூந்தமல்லியில் அரசுப் பள்ளி, கதீட்ரல் சாலையில் லிட்டில் பிளவர், அடையாறில் செயின்ட் லூயிஸ். மூன்றும் ஊரின் மேற்கிலும் தெற்கிலும் இருக்கின்றன. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்க் குடும்பங்களுக்கு இதன் பொருள் ஒன்றுதான்: பெரும்பாலும் விடுதி. ஆறு வயதில் அம்மாவை விட்டுப் பிரிய வேண்டும். அதற்கு மனசு வராத குடும்பம், தெருமுனையில் இருக்கும் மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்கிறது. இல்லாவிட்டால் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறது.

சட்டம் இந்த இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-வது பிரிவு, 40 சதவிகிதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுவரையிலான பிள்ளைக்கு இலவசக் கல்வி உரிமை தருகிறது. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது அந்தப் பிள்ளையின் விருப்பம். ஆக, "இங்க முடியாதும்மா, பூந்தமல்லிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று கைகாட்டும் உரிமை எந்தத் தலைமையாசிரியருக்கும் இல்லை.

சரி, சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம்?

இங்கேதான் சிக்கலே தொடங்குகிறது. அட்டெண்டன்ஸில் பெயர் இருக்கும், மதிய சாப்பாடு கிடைக்கும், 'ஆல் பாஸ்' கிடைக்கும். ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது ஒரு வரிகூட எழுதப் படிக்கத் தெரியாது. சேர்த்துக்கொள்வதற்கும் சொல்லித்தருவதற்கும் நடுவில் இருக்கும் அந்தப் பள்ளத்துக்கு 'ஒருங்கிணைந்த கல்வி' என்று அழகான பெயர் வைத்திருக்கிறோம். இந்த யோசனை புதிதும் அல்ல. சாதாரணப் பள்ளியில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் படிக்கவைக்க மத்திய அரசின் தனித் திட்டம் 1974-லேயே வந்துவிட்டது.

ழகரத்துக்கு ஐந்து புள்ளி

"இப்பதான் எல்லாம் போன்லயே பேசுதே, பிரெய்லி எதுக்கு?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். போன் நல்லதுதான். 2006-ல் வெளிவந்த என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம். சாதாரண கம்ப்யூட்டரையே பேசவைத்துவிடும். கல்லூரி மாணவருக்கு அது கைத்தடி மாதிரி, இல்லாமல் நடக்க முடியாது. ஆனால் அரிச்சுவடி படிக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்குக் காதில் பாடத்தை ஊற்றினால் எழுத்து எப்படித் தெரியும்?

வட சென்னைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வாழைப்பழம் நம் பேட்டையில் வாயப்பயம். மழை, மயை. பள்ளிக்கூடத்துக்கும் பல்லிக்கும் நாக்கில் பெரிய வித்தியாசம் காட்டாதவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். பார்வையுள்ள பிள்ளை சுவரொட்டியில், கடைப் பலகையில், பாடப்புத்தகத்தில் 'மழை' என்ற எழுத்தை ஆயிரம் தடவை பார்த்துப் பிழை திருத்திக்கொள்கிறது. காதால் மட்டும் படிக்கும் பிள்ளைக்கு எந்த ல, எந்த ள, எந்த ழ என்று யார் காட்டுவது? ன, ண, ந மூன்றையும் எங்கே பிரித்தறிவது?

பிரெய்லியில் இந்தக் குழப்பமே கிடையாது. ஆறு புள்ளிகள், இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று. வலப்பக்கம் நான்கு, ஐந்து, ஆறு. இடது வரிசை மூன்றும் எழுந்து நின்றால் ல. வலது வரிசை மூன்றும் நின்றால் ள. நான்காவதைத் தவிர மற்ற ஐந்தும் நின்றால் ழ. விரல் ஒருமுறை பழகிவிட்டால் இந்த ஜென்மத்தில் மறக்காது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான 'பாரதி பிரெய்லி' 1951-ல் முடிவான பிறகு, தமிழில் க கற்ற விரல் இந்தியிலும் அதே புள்ளிகளைத் தொட்டுக் க என்று படிக்கும். கண்ணால் படிப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை.

எழுதுவது சற்று விநோதம். பிரெய்லி ஸ்லேட்டில் கெட்டித் தாளை மாட்டி, ஸ்டைலஸ் என்ற சிறு ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் எழுத்துகள் எழும்பி நிற்கும், இடமிருந்து வலமாக வாசிக்கலாம். எழுத்தை இடவலம் மாற்றி நினைத்துக் குத்தும் இந்தத் திறமை, ஆறேழு வயதில் ஆட்டமாக வந்துவிடும். பதினைந்து வயதில் கற்றுக்கொள்வது பாடாய்ப்படுத்தும். அதனால்தான் முதல் மூன்று வருடங்கள் முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாளையங்கோட்டையில் 1890-ல் ஆஸ்க்வித் என்ற மிஷனரிப் பெண்மணி பார்வையற்றோர் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு பிரெய்லி தெரியும். பூந்தமல்லியில் அச்சகமே இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து வண்ணாரப்பேட்டைக்குத்தான் இன்னும் அது சரியாக வந்து சேரவில்லை. சாதாரணப் பள்ளியில் அதைச் சொல்லித்தர வேண்டியவர் சிறப்புப் பயிற்றுநர். அவர் ஒரு பள்ளிக்கு உரியவர் அல்லர். வட்டார வள மையத்திலிருந்து பல பள்ளிகளுக்குச் சுற்றுபவர். அவர் கையில் இருக்கும் பிள்ளைகளில் காது கேளாதவர், மூளை முடக்குவாதம் உள்ளவர், ஆட்டிஸம் உள்ளவர் எல்லாரும் உண்டு. பார்வைக்கான பயிற்சி பெற்றவர்தான் பார்வையற்ற பிள்ளைக்கு வருவார் என்ற உத்தரவாதம் கிடையாது. சம்பளம் தொகுப்பூதியம். வேலை நிரந்தரம் கேட்டு அவர்களே தெருவில் உட்கார்ந்து போராடிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் பத்துப் பேருக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர்கள் இருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்துவிட்டது, பயிற்றுநர் வாரத்தில் எந்தக் கிழமை வருவார் என்றுதான் பிள்ளை காத்திருக்கிறது.

"நடிக்கிறான் சார்"

முழுக்கப் பார்வை இல்லாத பிள்ளையாவது ஆசிரியர் கண்ணில் பட்டுவிடும். குறைப்பார்வைப் பிள்ளைதான் பெரிதும் அடிபடுகிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம்.

கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/18-க்கு மேல் போகாமல் 3/60 வரை இருப்பது குறைப்பார்வை என்கிறது சட்டம். 3/60 என்றால், மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பதை இந்தப் பிள்ளை 3 மீட்டருக்குக் கிட்டே போய்த்தான் பார்க்க முடியும். இது ஒரு வகை. இன்னொரு வகையில் பார்வையின் கூர்மை நன்றாகவே இருக்கும், அகலம் இருக்காது. குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரியும். அந்தப் பிள்ளை போர்டில் இருக்கும் சின்ன எழுத்தைக் கடகடவென்று படிக்கும்; எழுந்து நடந்தால் காலடியில் கிடக்கும் பையில் இடறி விழும். "படிக்கத் தெரியுது, பை தெரியலையா? நடிக்கிறான் சார்!" பகலில் ஓடியாடி, மாலையில் விளக்கு மங்கும் நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பிள்ளைக்கும் இதே பட்டம்தான். விழித்திரை நோய்கள் சிலவற்றின் முதல் அடையாளமே இந்த மாலைக்கண். நடிப்பு என்று காதைத் திருகும் ஆசிரியர், டாக்டருக்கு முன்பே நோயைக் கண்டுபிடித்திருக்க வேண்டியவர்.

பிறவியிலேயே வெண்தோல் (அல்பினிசம்) கொண்ட பிள்ளைகளுக்கு வெளிச்சமே எதிரி. ஜன்னல் ஓரம் உட்காரவைத்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தலையைக் குனிந்துவிடும். முதல் பெஞ்ச் எல்லாக் குறைபாட்டுக்கும் மருந்து என்று நினைப்பதும் தவறுதான். பளபளக்கும் வெள்ளை போர்டில் ட்யூப்லைட் வெளிச்சம் விழுந்தால், முதல் பெஞ்சில் இருப்பவருக்குத்தான் ஒன்றும் தெரியாது. சுலபமான வழி: "உனக்கு எங்க உட்கார்ந்தா நல்லாத் தெரியுது?" என்று பிள்ளையையே கேட்பது. எழுந்து போர்டுக்கு அருகில் போய்ப் பார்த்துவிட்டு வர அனுமதி கொடுப்பது. வினாத்தாளைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுப்பது. நோட்டில் கோடுகளைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் தடிமனாகப் போட்டுக்கொடுப்பது. இதில் எதற்காவது அரசு அலுவலகத்துக்கு நடக்க வேண்டுமா?

கண்ணாடி போட்டாலே சரியாகிவிடும் பிள்ளைகள் தனி. அவர்களுக்காக 2009-ல் 'கண்ணொளி காப்போம்' திட்டம் வந்தது; பள்ளியிலேயே சோதித்து இலவசக் கண்ணாடி கொடுத்தார்கள். நல்ல திட்டம். கொடுத்த கண்ணாடியைப் பிள்ளை போடுகிறதா, 'சோடாபுட்டி' என்று கிண்டல் செய்ததால் பையிலேயே கிடக்கிறதா என்று பார்ப்பது வகுப்பாசிரியரின் வேலை.

சதவிகிதக் கணக்கு வேறு இருக்கிறது. விபத்தில் ஒரு கண் முழுக்கப் போய், மறு கண் நன்றாக இருந்தால் அரசு மருத்துவக் குழுவின் அளவுகோலில் 30 சதவிகிதம். சலுகைக்கான கோடு 40. கில்லி தாண்டில் கண் போன பிள்ளைக்குப் பெரும்பாலான சலுகைகள் கிடையாது. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் பந்தும் சைக்கிளும் அதற்குத் தெரியாது என்பது வகுப்பறையில் உண்மை. ஆசிரியருக்குச் சதவிகிதம் தேவையில்லை. அந்தப் பிள்ளையின் நல்ல கண் பக்கம் நின்று பேசினால் போதும்.

லாரி போகும் தெரு

வண்ணாரப்பேட்டைக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. சத்தம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் நெரிசல், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், மீன்பாடி வண்டிகளின் டப்டப், எம்.சி. ரோட்டில் தீபாவளி, ரம்ஜான் சமயத்து ஜவுளிக் கூட்டம். தெருவைப் பார்த்த வகுப்பறையில் டீச்சரின் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. மற்ற பிள்ளைகள் போர்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார்கள். பார்வையில்லாத பிள்ளைக்குக் காதுதான் எல்லாம். சத்தமான அறையில் அதைப் படிக்கவைப்பது, மற்ற பிள்ளைகளை இருட்டறையில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வதற்குச் சமம். அந்த வகுப்பை உள்முற்றம் பக்கம் இருக்கும் அறைக்கு மாற்றலாம். இதை எந்தக் கையேடும் முதலில் சொல்வதில்லை. இந்தப் பேட்டையில் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

பேட்டைக்கு ஒரு வசதியும் உண்டு. தையல் கடைக்காரர்கள் துணியில் அளவுக் குறி வைக்க ஒரு பல்சக்கரம் வைத்திருப்பார்கள், டிரேசிங் வீல். கெட்டித் தாளுக்கு அடியில் ரப்பர் ஷீட்டை வைத்து அந்தச் சக்கரத்தை உருட்டினால் மறுபக்கம் புள்ளி புள்ளியாகக் கோடு எழும்பும். முக்கோணம், வட்டம், இதயத்தின் நான்கு அறைகள், எல்லாம் விரலுக்குத் தெரியும். தமிழ்நாட்டு வரைபடம் வேண்டுமா? அட்டையில் ஃபெவிகால் தடவி நூலை ஒட்டினால் கடற்கரை, சணலை ஒட்டினால் காவிரி. சிறப்புப் பள்ளிகளில் எண் கணக்குக்கு 'டெய்லர் சட்டம்' என்ற துளைப் பலகையும் மணிச்சட்டமும் உண்டு. அவற்றைச் சிறப்புப் பயிற்றுநர்தான் சொல்லித்தர வேண்டும். மற்றதை அந்தப் பிள்ளையின் அம்மாவே ஒரு சாயங்காலத்தில் செய்துவிடுவார், தையல்காரி ஆயிற்றே.

பி.டி. பீரியட் பற்றி ஒரு வார்த்தை. கேரமுக்கும் பாக்ஸிங்குக்கும் ஃபுட்பாலுக்கும் பேர்போன வட சென்னையில், பார்வையில்லாத பிள்ளைக்குக் கொடுக்கும் வேலை, எல்லோருடைய பைகளுக்கும் காவல் இருப்பது. உள்ளே மணிகள் குலுங்கும் பந்தில் ஆடும் பார்வையற்றோர் கிரிக்கெட்டில், 2012-ல் பெங்களூருவில் நடந்த முதல் டி20 உலகக் கோப்பையை வென்றது இந்தியா. பிளாஸ்டிக் பந்தில் நாலு கோலிக்குண்டைப் போட்டு ஒட்டினால் குலுங்கும் பந்து தயார்.

பாடத்துக்கு வெளியே கற்க வேண்டியவை வேறு நிறைய. கோலூன்றி நடப்பது, காசை விரலால் எண்ணுவது, தனியாக பஸ் ஏறுவது. அமெரிக்காவில் ஃபில் ஹாட்லன் என்ற கல்வியாளர் 1996-ல் இவற்றையெல்லாம் எட்டுப் பிரிவாகத் தொகுத்து, பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு இதுவும் பாடத்திட்டமே என்றார். நம் ஊரில் இது முழுக்க அம்மாவின் தலையில். 2019 பிப்ரவரியில் திறந்த வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்துக்குள் கோலுக்கு வழிகாட்டும் மஞ்சள் தடம் தரையில் போகிறது. படியேறி வெளியே வந்ததும் நடைபாதையில் கடை, கடையை ஒட்டி பைக்.

பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் கதை வேறு. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர் உண்டு, கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு, மொழிப்பாட விலக்கும் கேட்கலாம். சலுகைகளில் தமிழ்நாடு மோசமில்லை. ஆனால் விடையைச் சொல்லி எழுதவைப்பது தனிக் கலை. எங்கே பத்தி பிரிக்க வேண்டும், எந்தச் சொல்லை அடிக்கோடிட வேண்டும், எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லி எப்படித் திருத்த வேண்டும் என்பதையெல்லாம் பரீட்சை மண்டபத்தில் முதல்முறையாகக் கற்க முடியாது. காலாண்டு, அரையாண்டிலேயே அதே முறையில் எழுதவைக்க வேண்டும். பல பள்ளிகளில் அந்தத் தேர்வுகளில் "நீ சும்மா உட்காரு, மார்க் போட்டுக்கலாம்" என்று கருணை காட்டுகிறார்கள். அந்தக் கருணைக்கு விலை பொதுத்தேர்வில் தெரியும்.

சிறப்புப் பள்ளியா, பக்கத்துப் பள்ளியா என்று என்னைக் கேட்டால் என் பதில் இதுதான். பக்கத்துப் பள்ளியில் பிரெய்லி இருந்தால் பக்கத்துப் பள்ளி. பிள்ளை தெருப் பிள்ளைகளோடு சண்டை போட்டு, சமாதானமாகி, வீட்டில் தூங்கி வளர வேண்டும். பிரெய்லி இல்லாவிட்டால், மனசைக் கல்லாக்கிக்கொண்டு தொடக்க வகுப்புகளுக்காவது பூந்தமல்லியோ கதீட்ரல் சாலையோ போவதுதான் சரி. எழுத்தறிவை அங்கே வாங்கிக்கொண்டு, பிறகு வண்ணாரப்பேட்டைக்குத் திரும்பலாம். லிட்டில் பிளவரில் படித்த பினோ பிறகு பொதுக் கல்லூரியில் எல்லோரோடும் படித்தவர்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் எல்லா வயதிலும் சேர்த்து 1,27,405 பேர். அதில் வட சென்னையின் பள்ளிப் பிள்ளைகள் ஒரு சிறு பகுதிதான். மாநகராட்சியின் தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் தலா ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்து, அங்கே பார்வைக்கான பயிற்சி பெற்ற நிரந்தர ஆசிரியரை உட்காரவைத்து, சுற்றியுள்ள பிள்ளைகளை அந்தப் பள்ளிகளுக்கு வரச் செய்வது மாமன்றத்தால் முடியாத காரியமில்லை. இதே மாநகராட்சிதான் இந்தப் பேட்டையின் கல்லூரிக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, 1920-ல், ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது.

அதுவரை பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் சேர்க்கும் நாளன்று, "என் பிள்ளைக்கு பிரெய்லி யார் சொல்லித்தருவாங்க? வாரத்துல எத்தனை நாள் வருவாங்க?" என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். வாய்ப்பேச்சாக அல்ல, மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரையோடு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் 2016 சட்டத்தின் 16, 17, 31 பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அதே நகலோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் போங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கச் சட்டம் உங்களுக்கு வழிவிட்டிருக்கிறது.